சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, ஆப்புக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: எனக்கு எச்பிஏ1சி (சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 வந்திருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், எடையைக் குறையுங்கள், நடங்கள் என்கிறார் டாக்டர். ஒரு ஹெல்த் ஆப் ஏழு நாள் இலவசம், அப்புறம் ஆண்டுச் சந்தா என்கிறது. ஊசி குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச்சும் கண்ணில் பட்டது. எதை வாங்கலாம்?

பதில்: வாட்ச் வேண்டவே வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

ஆப் விஷயம் வேறு. 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. அப்போது ஏது ஆப்? சாப்பிட்டதை எழுதி வைத்தார்கள், "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்க ஒரு பயிற்சியாளர் இருந்தார். எனவே காசு கொடுப்பதானால், அப்படிக் கேட்க நிஜமான ஆள் இருக்கும் ஆப்புக்குக் கொடுங்கள். நடையை எண்ணவும் கிராஃப் போடவும் போனில் இருப்பதே போதும். (தினம் பத்தாயிரம் காலடி எடுத்து வைக்க வேண்டும் என்கிற கணக்கு, 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. எட்டவில்லை என்று கவலைப்படாதீர்கள்.) "350 கலோரி எரித்தீர்கள்" என்று திரை பாராட்டினால் அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிடாதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்த ஏழு கைப்பட்டைகளில், கலோரிக் கணக்கில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

சந்தாவில் கவனம். ஆப்பை டிலீட் செய்தாலும் சந்தா ரத்தாகாது, பணம் போய்க்கொண்டே இருக்கும். போனின் ஆப் ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய், இலவச நாள் முடிய ஒரு நாள் முன்பாவது ரத்து செய்யுங்கள். சாப்பாட்டைக் குறித்துக்கொள்ளும் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள்.

எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. அதனால் மாதச் சந்தாவில் மூன்று மாதம் ஓட்டுங்கள், மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அந்த அளவும் இடுப்புச் சுற்றளவும் இறங்கியிருந்தால் ஆண்டுச் சந்தாவை யோசிக்கலாம். இடையில் டாக்டர் மாத்திரை ஆரம்பித்தால், ஆப் சொல்லும் விரதத் திட்டத்தை அவரிடம் கேட்காமல் தொடர வேண்டாம். சில மாத்திரைகளோடு பட்டினியும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.