எஸ்க்யூ, குவாட்ராடிஸ்க் என்று போட்ட எல்பிக்களைச் சாதாரண டர்ன்டேபிளில் போடலாமா?

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா விட்டுப்போன எல்பி பெட்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. எல்லாம் 1970களின் வெளிநாட்டுத் தட்டுகள். சிலவற்றின் உறையில் எஸ்க்யூ என்றும், இரண்டில் குவாட்ராடிஸ்க் என்றும் இருக்கிறது. கூடவே குவாட் என்று எழுதிய எட்டு டிராக் கேசட் ஒன்றும் கிடக்கிறது. என்னிடம் சாதாரண டர்ன்டேபிளும் இரண்டு ஸ்பீக்கரும்தான் உண்டு. போட்டால் கெட்டுவிடுமா? நாலு ஸ்பீக்கரில் கேட்க என்ன வாங்க வேண்டும்?

பதில்: எஸ்க்யூ தட்டுகளை இன்றைக்கே போட்டுக் கேளுங்கள், ஒன்றும் ஆகாது. குவாட்ராடிஸ்க் இரண்டும் மட்டும் கொஞ்ச நாள் உறையிலேயே இருக்கட்டும். எதையும் வாங்குவதற்கு முன் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். குவாட் என்றால் ஒரே முறை என்று நினைத்துக்கொண்டு தப்பான பெட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

நாலு மூலையிலிருந்தும் இசை வர வேண்டும் என்பதுதான் குவாட்ரஃபோனிக். டேப்பில் இது சுலபம். நாலு டிராக்கில் நாலு சேனல், அவ்வளவுதான். அமெரிக்காவின் வான்கார்டு நிறுவனம் 1969லேயே நாலு சேனல் ரீல்களை விற்றது. தட்டில்தான் சிக்கல். எல்பியின் பள்ளத்துக்கு இருப்பது இரண்டே சுவர், சுவருக்கு ஒரு சேனல். அதில் நாலை எப்படி ஏற்றுவது? ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள், ஒருவர் வழி இன்னொருவர் கருவியில் வேலை செய்யாது. அந்தக் குழப்பத்திலேயே பத்து வருஷத்துக்குள் மொத்த வியாபாரமும் படுத்துவிட்டது.

எஸ்க்யூ 1971இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான சிபிஎஸ் கொண்டுவந்தது. பின்பக்க ஒலிகளின் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை) 90 டிகிரி, அதாவது கால் அலை, தள்ளி, முன்பக்க ஒலிகளோடு கலந்து, நாலு சேனலை இரண்டாகச் சுருக்கிவிடுகிற முறை இது. மேட்ரிக்ஸ் என்பார்கள். இந்த யோசனைக்கு முன்னோடி பீட்டர் ஷைபர் என்ற பசூன் (ஒரு காற்று வாத்தியம்) வாசிப்பாளர், பொறியாளர் அல்ல! ஜப்பானின் சான்சுயி கொண்டுவந்த க்யூஎஸ் முறையும் இதே ஜாதிதான், கலக்கும் கணக்கு மட்டும் வேறு. இந்த இரண்டு வகைத் தட்டும் ஊசிக்குச் சாதாரண ஸ்டீரியோ தட்டு மாதிரியேதான். தனி ஊசி, தனி ஒயர் எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எஸ்க்யூ தட்டை ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் மோனோவாகக் கேட்காதீர்கள். நேர் பின்னால் நடுவில் வைத்த ஒலி இரண்டு சேனலிலும் ஒன்றுக்கொன்று எதிராகப் பதிந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் சுழியம். கிதார் ஒன்று காணாமல் போய், தட்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

குவாட்ராடிஸ்க் அப்படியில்லை. ஜப்பானின் ஜேவிசி உருவாக்கிய சிடி-4 முறைக்கு, 1972இல் அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏ வைத்த வியாபாரப் பெயர் அது. இதில் கலப்படம் கிடையாது, நாலும் தனித்தனியாகவே வரும். இடது சுவரை எடுத்துக்கொள்வோம். முன் இடது, பின் இடது இரண்டின் கூட்டல் வழக்கமான ஒலியாகப் பதிந்திருக்கும். இரண்டின் கழித்தல், காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் மேல் சவாரி செய்யும். டீமாடுலேட்டர் என்ற பெட்டி கூட்டலையும் கழித்தலையும் சேர்த்தால் முன் இடது கிடைக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பின் இடது. எஃப்எம் ரேடியோவில் ஸ்டீரியோ வருவதும் ஏறக்குறைய இந்தத் தந்திரத்தால்தான்.

ஆனால் ஊசியின் நிலைமையைப் பாருங்கள். எல்பியின் உட்புறத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு 21 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதில் 30,000 அலைகள் என்றால் ஒரு அலையின் நீளம் 7 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரமே 15 முதல் 18 மைக்ரான் இருக்கும். அதனால் அந்த நெளிவுக்குள் நுழைய முடியாது, மேலே தேய்த்துக்கொண்டு போகும். ஜேவிசியின் நோரியோ ஷிபாட்டா, பக்கவாட்டில் மெல்லிய விளிம்பு வைத்த புது ஊசி ஒன்றை இதற்காகவே வடிவமைத்தார். குவாட் செத்துப்போயும் ஷிபாட்டா ஊசி இன்றைக்கும் விற்கிறது.

கனமாக அழுத்தும் உருண்டை ஊசியில் பல தடவை ஓடிய சிடி-4 தட்டு ஸ்டீரியோவில் நன்றாகவே பாடும். நாலு சேனலுக்கு மாற்றினால்தான் வண்டவாளம் தெரியும். நான் ஒருமுறை கண்ணாடி மாதிரிப் பளபளத்த தட்டு ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். பின் ஸ்பீக்கர் இரண்டிலும் உப்புத்தாளைத் தேய்க்கிற சத்தம்தான் வந்தது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

உங்கள் இரண்டு தட்டுக்கும் ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95எஸ்எச் போன்ற ஷிபாட்டா ஊசி போட்டு, ஸ்டீரியோவில் கேட்டாலே போதும் என்பேன். நாலு சேனலும் வேண்டுமென்றால் 45 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி), மின்தேக்கம் 100 பிகோஃபேரடுக்குக் குறைவான கேபிள், ஐம்பது வயசு டீமாடுலேட்டர், அதைச் சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக் எல்லாம் தேவை. இரண்டே தட்டுக்காக அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எஸ்க்யூவுக்கு முதலில் செலவில்லாத ஒரு வழி. அமெரிக்க ஆடியோ பொறியாளர் டேவிட் ஹாஃப்லர் பிரபலப்படுத்தியது. பழைய ஸ்பீக்கர் இரண்டைப் பின்னால் வைத்து, ஒன்றோடொன்று தொடராக இணையுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு முனைகளை ஆம்ப்ளிஃபயரின் இடது பிளஸ், வலது பிளஸ் ஆகியவற்றில் கொடுங்கள். மைனஸைத் தொட வேண்டாம். இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பின்னாலிருந்து வரும். சரியான டீகோடிங் (கலந்த சேனல்களைத் திரும்பப் பிரிப்பது) இல்லைதான், ஆனாலும் அறை சட்டென்று விரியும். உங்கள் ஆம்ப் பிரிட்ஜ் வகையாக (மைனஸ் முனையிலும் சிக்னல் வரும் வகை) இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இப்போதைய சின்ன கிளாஸ்-டி ஆம்ப்களில் பல அப்படித்தான், கையேட்டைப் பாருங்கள்.

அதில் ருசி கண்டுவிட்டால் அப்புறம் டீகோடர். பழைய ரிசீவர் விற்பவர் "எஸ்க்யூ இருக்கு சார்" என்றால், லாஜிக் சர்க்யூட் (எந்தப் பக்க ஒலி ஓங்குகிறதென்று பார்த்து மற்றப் பக்கங்களை அடக்கும் பகுதி) உண்டா என்று கேளுங்கள். அது இல்லாத டீகோடரில் முன்னுக்கும் பின்னுக்கும் 3 டெசிபல்தான் இடைவெளி, பாடகர் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் நின்று பாடுவார். இன்று புதிதாக வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் இன்வால்வ் ஆடியோ செய்யும் சர்ரவுண்ட் மாஸ்டர் எஸ்க்யூ, க்யூஎஸ் இரண்டையும் பிரிக்கும். வீட்டு ஹோம் தியேட்டரில் டால்பி புரோ லாஜிக் 2 (ஸ்டீரியோவைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் வசதி) இருந்தால் க்யூஎஸ் தட்டுக்கு ஓரளவு ஒத்துப்போகும். எஸ்க்யூவுக்கு இடம் குழம்பும்.

தட்டை விட இசைதான் முக்கியம் என்றால், அதே ஆல்பம் மறுவெளியீடாக வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மூல நாலு டிராக் டேப்பிலிருந்தே எடுத்து டட்டன் வோகாலியன் நிறுவனம் எஸ்ஏசிடியாகவும் (சிடி மாதிரியே இருக்கும், கூடுதல் சேனல்களும் ஏற்றக்கூடிய தட்டு), ரைனோ நிறுவனம் குவாடியோ என்ற பெயரில் புளூ-ரேயாகவும் போடுகிறார்கள். பிலிப்ஸின் 1970களின் மேற்கத்திய செவ்வியல் பதிவுகளை பென்டாடோன் நிறுவனம் எஸ்ஏசிடியில் கொண்டுவந்திருக்கிறது. எஸ்ஏசிடியின் நாலு சேனலுக்கு அதைப் படிக்கிற பிளேயர் வேண்டும், சாதாரண சிடி பிளேயரில் ஸ்டீரியோதான் வரும்.

கடைசியாக அந்தக் கேசட். அது க்யூ8, ஆர்சிஏ 1970இல் விட்டது. சாதாரண எட்டு டிராக்கில் இரண்டிரண்டு டிராக்காக நாலு நிகழ்ச்சி ஓடும், இதில் நாலு நாலு டிராக்காக இரண்டு நிகழ்ச்சி. சாதாரண எட்டு டிராக் மெஷினில் போட்டால் ஒரு நேரத்தில் பாதி வாத்தியம்தான் கேட்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை உள்ளே இருக்கிறது. டேப்பை அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்சு இத்தனை வருஷத்தில் மாவாகியிருக்கும், இரண்டு முனைகளை ஒட்டிய ஃபாயில் பசை காய்ந்து விட்டிருக்கும். அப்படியே சொருகினால் ஒட்டு பிரிந்து டேப் மெஷினுக்குள் சுருண்டுகொள்ளும். ஸ்பாஞ்சையும் ஃபாயிலையும் மாற்றத் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை அதை எந்த மெஷினிலும் போடாதீர்கள்.