அம்மாவின் கைக்கு ஒரு வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு எங்களோடு இருக்கிறார். விரல் மூட்டுகளில் வலி உண்டு. ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. முன்பெல்லாம் எதையாவது தைத்துக்கொண்டே இருப்பார். இப்போது நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பார்க்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. வண்ணம் தீட்டும் புத்தகமும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். "நான் என்ன எல்.கே.ஜி.யா படிக்கிறேன்?" என்று தள்ளிவைத்துவிட்டார். வீட்டில் கிடக்கும் பொருள்களை வைத்தே அவர் செய்யக்கூடிய கைவேலை ஏதாவது இருக்கிறதா? வற்புறுத்தவும் மனமில்லை, அப்படியே விட்டுவிடவும் மனமில்லை.

க.

அன்புள்ள க.,

உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. வண்ணப் புத்தகத்தை விரும்பிச் செய்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஆயுள் முழுக்கத் தைத்தவர் அவர். அவர் கையிலிருந்து வந்த எதையும் யாரோ ஒருவர் உடுத்தினார், விரித்தார், போர்த்தினார். பிறர் போட்டுவைத்த கோட்டுக்குள் நிறம் அடைத்து, பக்கத்தைப் புரட்டி மூடிவைப்பதில் அவருக்கு என்ன கிடைக்கும்? பொழுது போக்க வழி சொல்வதைவிட, முடித்ததும் வீட்டில் யாராவது எடுத்துப் புழங்குகிற மாதிரி ஒரு வேலையை அவரிடம் கேளுங்கள்.

பழைய டி-சர்ட்டிலிருந்து தொடங்கலாம். அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியை 3, 4 செ.மீ. அகலப் பட்டைகளாகக் குறுக்கே வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையையும் இரண்டு முனையிலும் பிடித்து ஒரு இழு இழுத்தால், ஓரங்கள் தாமாக உள்ளே சுருண்டு உருண்டையான கயிறு மாதிரி ஆகிவிடும். பின்னப்பட்ட துணி என்பதால் சாதாரணத் துணிபோல நூல் பிரிந்து வராது, ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டாம். மூன்று பட்டைகளை முடிச்சிட்டு நாற்காலி முதுகில் கட்டிவிடுங்கள். பிடித்துக்கொள்வதற்கென்று ஒரு கை தனியாகத் தேவைப்படாது. "அம்மா, இந்த நாற்காலியில உட்கார்ந்தா உறுத்துது, ஒரு விரிப்பு பின்னித் தர்றியா?" என்று கேளுங்கள். தலை பின்னிய கைக்கு மூன்று இழைப் பின்னலைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பெயர்கள் மறந்துபோகிற வயதிலும் கை பழகிய வேலை பெரும்பாலும் கையிலேயே இருக்கும்.

பின்னலைச் சுருட்டிச் சுருட்டித் தைத்தால் வட்ட விரிப்பு. 2 செ.மீ. அகலப் பின்னலில் 40 செ.மீ. வட்டம் வேண்டுமென்றால் 6 மீட்டருக்கு மேல் பின்னவேண்டும். ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. அது நல்லதுதான், மறுநாள் எழுந்ததும் மிச்சம் ஒன்று காத்திருக்கும். தரையில் மட்டும் போடாதீர்கள். வயதானவர் நடக்கிற இடத்தில் நழுவுகிற விரிப்பு ஆபத்து.

இதை முதலில் சொன்னதற்கு அவருடைய விரல்கள்தான் காரணம். மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நோவது நுனியால் கிள்ளிப் பிடிக்கிற வேலை. அதன் பளு பல மடங்காகக் கட்டைவிரலின் அடிமூட்டில் போய் இறங்கும். தடித்த பட்டையை முழுக் கையாலும் பிடிக்கலாம். பிரஷ், பேனா, பின்னல் ஊசி போன்ற மெலிந்த எதைக் கொடுத்தாலும் அதன் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். காலையில் விறைப்பு அதிகமாக இருந்தால் கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு தொடங்கட்டும். இருபது நிமிடம் போதும், வலி வருமுன் நிறுத்தவேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் வேலையே வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

கண்ணுக்கு நல்ல வெளிச்சம், அதுவும் பக்கவாட்டிலிருந்து. வெளிர்நீலத்தையும் வெளிர்பச்சையையும் அருகருகே வைக்காதீர்கள், வயதான கண்ணுக்கு அவை பிரிந்து தெரிவது கடினம். வெள்ளைத் தாளில் வேலையென்றால் அடியில் கருத்த தட்டு ஒன்றை வையுங்கள். தட்டுக்கடியில் ஈரத்துணி விரித்தால் நகராது.

அடுத்தது செய்தித்தாள். ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், அப்புறம் குறுக்கே கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராக வரும், மறு திசையில் கோணலாக ஓடும். காகிதத்தின் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் அப்படி. நேராக வருகிற திசையைப் பிடித்துக்கொண்டால் கத்தரிக்கோலே வேண்டாம், கை நடுக்கம் உள்ளவர்களும் பட்டை பட்டையாகக் கிழிக்கலாம். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மாவுப்பசையில் நனைத்த பட்டைகளை ஒட்டிக்கொண்டே வரவேண்டும். ஒரு சுற்றுக்கு எழுத்துள்ள தாள், அடுத்ததற்கு வெள்ளைத் தாள் என்று மாற்றினால், எங்கே ஒட்டாமல் விட்டது என்று பார்த்ததும் தெரியும். நான்கைந்து சுற்று ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு கழற்றுங்கள். ஈரத்தோடு எடுத்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும். சாவி, பித்தான், கண்ணாடிக்கூடு போட்டுவைக்க நல்ல கிண்ணம்.

காகித வேலை குழந்தைகளுடையது என்று அம்மா சொன்னால் மேரி டிலேனியைப் பற்றிச் சொல்லுங்கள். 1700இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாவது கணவர் இறந்த பிறகு, எழுபது வயதைத் தாண்டித்தான் வண்ணக் காகிதத்தை நறுக்கி, கருப்புப் பின்னணியில் ஒட்டிச் செடிகொடிகளைச் செய்ய ஆரம்பித்தார். பார்வை மங்கி நிறுத்துவதற்குள் ஆயிரத்தை நெருங்கிவிட்டார். அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ஓவியர் மத்தீஸின் கதை உங்களுக்கானது. 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் முன்போல் நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் தாளுக்கு வண்ணம் பூசிக் கொடுத்தார்கள், அவர் வெட்டினார், அவர் காட்டிய இடத்தில் அவர்கள் குத்திவைத்தார்கள். வீட்டிலும் உதவி இப்படி இருந்தால் போதும். வெட்டுவது, முடிச்சிடுவது, பசை காய்ச்சுவது நீங்கள். எந்த நிறம், எவ்வளவு நீளம், எப்போது போதும் என்பதெல்லாம் அவர். அவர் கோணலாகப் பின்னியதை இரவில் பிரித்து நீங்கள் சரிசெய்து வைக்காதீர்கள். தையல் தெரிந்த கண், காலையில் பார்த்ததும் கண்டுபிடித்துவிடும். அப்புறம் அவர் தொடமாட்டார். "அருமை, அருமை" என்று குழந்தையிடம் சொல்வதுபோலப் புகழவும் வேண்டாம். விரிப்பை நாற்காலியில் போட்டு உட்காருங்கள்.

மறதி அதிகமாக உள்ள பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: மணி, பித்தான்போல விழுங்கக்கூடியதைத் தவிர்த்து, ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் முன்னால் வையுங்கள்.

இவை எதுவுமே வேண்டாம் என்று அம்மா சொன்னால், மறுபடி தைக்க ஆசையா என்று கேட்டுப் பாருங்கள். அவர் தையலை விட்டது ஆசை போனதாலா, ஊசியில் நூல் கோக்க முடியாததாலா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. நூல்தான் தடை என்றால், பெரிய காதுள்ள ஊசிகள் ஏழெட்டில் காலையிலேயே நூல் கோத்து, தடித்த பஞ்சுத் திண்டு ஒன்றில் குத்திவைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். நூல் கருப்பாகவும் துணி வெளிறியும் இருக்கட்டும். பித்தான் போன சட்டை எல்லா வீட்டிலும் இருக்கும், அதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மாலையில் ஊசிகளை எண்ணி எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

அன்புடன்