தெளிவாகச் சொல்லியும் புரியாவிட்டால்?

கேள்வி: அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் ஆகிய நான்கும்தான் கருத்துப் பரிமாற்றத்தின் அடிப்படைக் கூறுகள் என்று படித்திருக்கிறேன். நான் தெளிவாகச் சொல்லி, அது எதிரில் இருப்பவரின் காதிலும் விழுந்த பிறகு, அவர் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தத் தவறு அவருடையதுதானே? மேலும், நாம் தெரிவிப்பதில் 93 விழுக்காடு உடல்மொழியும் குரலும்தான் என்கிறார்கள். அப்படியானால் சொற்களுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பதில்: தவறு அவருடையதுதான் என்று தீர்ப்பெழுத உங்களுக்கு உரிமையில்லை. தெளிவாகச் சொன்னோமா என்பதைச் சொன்னவரே முடிவு செய்துகொள்ள முடியாது. கேட்டவர் அதை என்னவாக எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்த பிறகுதான் அதற்கு விடை கிடைக்கும். அந்த விடை உங்களிடம் திரும்பி வருவதற்கான வழி, நீங்கள் எழுதியிருக்கும் நான்கு கூறுகளில் எதிலும் இல்லை.

அந்தப் பட்டியலின் வேர் 1948-ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் க்ளாட் ஷானன், செய்தியின் மூலம், அனுப்பும் கருவி, தடம், பெறும் கருவி, சேருமிடம், இடையே புகும் இரைச்சல் என்று ஒரு படம் வரைந்து காட்டினார். குறிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிதையாமல் போய்ச் சேர என்ன வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. செய்தியின் பொருள் என்ன என்பதற்கும் இந்தப் பொறியியல் சிக்கலுக்கும் தொடர்பில்லை என்று அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் நேர்மையாக எழுதிவிட்டார். அவர் போட்ட எல்லைக்கோட்டைப் பிறகு வந்தவர்களில் பலர் மறந்துவிட்டு, கம்பியில் ஓடும் குறிக்கு வரைந்த படத்தை மனிதர் பேச்சுக்கும் அப்படியே பொருத்திக்கொண்டார்கள். 1954-இல் தகவல்தொடர்பியல் அறிஞர் வில்பர் ஷ்ராம், பேசுபவரின் அனுபவமும் கேட்பவரின் அனுபவமும் எந்த அளவுக்குப் பொதுவாக இருக்கின்றனவோ அந்த அளவுக்கே புரிதல் சாத்தியம் என்பதையும், கேட்பவரிடமிருந்து திரும்பி வரும் பின்னூட்டத்தையும் வலியுறுத்தினார். என் பார்வையில், இந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றை மனப்பாடம் செய்வதால் பயனே இல்லை.

காதில் விழுந்தால் போதும் என்கிறீர்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். மூடுபனி காரணமாக ஓடுபாதையில் இருந்த, நெதர்லாந்தின் கேஎல்எம், அமெரிக்காவின் பான் ஆம் ஆகிய நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்களும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை; கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் அவை தெரியவில்லை. எல்லாருக்கும் இருந்த ஒரே துணை வானொலிப் பேச்சு. கேஎல்எம் விமானத்துக்குக் கோபுரம் கொடுத்தது புறப்பட்ட பிறகு செல்ல வேண்டிய வழித்தடத்துக்கான அனுமதி மட்டுமே. புறப்படுவதற்கான அனுமதி அன்று. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "இப்போது டேக்-ஆஃபில் (புறப்பாட்டில்) இருக்கிறோம்" என்ற பொருள்பட முடித்தார். அந்த நேரத்தில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது; கட்டுப்பாட்டாளரோ, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். ஒரு கணம் விட்டு, காத்திருங்கள், நானே அழைக்கிறேன் என்று அவர் தொடர்ந்தபோது, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானி அதே அலைவரிசையில் பேச, இரண்டு பேச்சும் மோதிக் கேஎல்எம் விமானி அறையில் கீச்சென்ற ஒலியாகிவிட்டன. தெளிவாகப் போய்ச் சேர்ந்தது அந்த "ஓகே" ஒன்றுதான். ஓடிவந்த கேஎல்எம் விமானம் பான் ஆம் விமானத்தின்மீது மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கே பேசிய ஒவ்வொருவரும் தாம் தெளிவாகச் சொல்லிவிட்டதாகவே நம்பியிருக்க வேண்டும். அதன்பின் வானொலிச் சொல்முறை இறுக்கப்பட்டது: டேக்-ஆஃப் என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதோ அதை விலக்கும்போதோ தவிர வேறு எப்போதும் சொல்லக்கூடாது, முக்கியமான அனுமதியை விமானி முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், கோபுரத்தில் இருப்பவர் அதைக் கவனித்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். சொன்னவருடைய வேலை சொன்னதோடு முடியவில்லை என்பது அங்கே விதியாகவே இருக்கிறது.

அன்றாடப் பேச்சில் இந்தச் சரிபார்ப்பு ஓயாமல் நடக்கிறது. பழகிப்போனதால் நாம் கவனிப்பதில்லை. கேட்பவர் 'ம்' கொட்டுவது, புருவம் சுருக்குவது, "யாரு, அவரா?" என்று இடைமறிப்பது எல்லாம் சேர்ந்துதான் பேசுபவரின் அடுத்த வாக்கியத்தைத் தீர்மானிக்கின்றன. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பாவெலாஸ் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய தம் அனுபவத்தைச் சிலர் சொல்ல, கேட்பவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், பேச்சில் வரும் சொற்களில் குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்குபவற்றை எண்ணும்படி கூறியிருந்தார்கள். எண்ணியவர்கள் பேச்சை உன்னிப்பாகக் கேட்டார்கள், ஆனால் கதைக்கேற்ற முகபாவமோ வியப்பொலியோ அவர்களிடமிருந்து வரவில்லை. அவர்களிடம் கதை சொன்னவர்கள், அதுவும் உச்சக்கட்டத்தை நெருங்கும்போது, தடுமாறினார்கள். முடிவை நறுக்கென்று சொல்ல முடியாமல் இழுத்தார்கள். தம் சொந்த வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லவே ஒருவருக்குக் கேட்பவரின் துணை தேவைப்படுகிறது என்றால், கேட்பவரைப் 'பெறுநர்' என்று கடைசிக் கட்டத்தில் உட்காரவைப்பது எப்படிச் சரியாகும்?

93 விழுக்காட்டுக் கதையை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து எடுத்துக் கூட்டிய எண் அது: சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டும் முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள் அவை. உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு செல்லாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். மருந்தை எத்தனை வேளை உட்கொள்வது என்பதை 7 விழுக்காடு சொல்லாலும் மீதி முகபாவத்தாலும் யாரும் தெரிவித்துவிட முடியாது.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளியிடம் விளக்கி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால், புரியாதவரும் தலையை ஆட்டிவிடுவார். ஆகவே, "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று உங்கள் வார்த்தைகளில் சொல்லுங்கள்" என்று கேட்கும் முறையை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இப்போது கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தக் கேள்வியில் சோதிக்கப்படுபவர் விளக்கியவர்தான். நோயாளி மாற்றிச் சொன்னால், விளக்கத்தை வேறு விதமாக மறுபடி தொடங்க வேண்டும். நீங்கள் குறிப்பிடும் அந்த எதிரில் இருப்பவரிடம் இப்படிக் கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டு, அவர் சரியாகத் திருப்பிச் சொல்லி, அதன் பிறகும் மாற்றிச் செய்திருந்தால் மட்டும் அவர்மீது குறை சொல்லுங்கள்.