கிராபிக்ஸ் கார்டு எரிந்தது வீட்டில், பில் மைத்துனரின் நிறுவனத்தின் பெயரில்

கேள்வி: கேம் விளையாடுவதற்கென்று இரண்டு ஆண்டுகள் சேமித்து, சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் ரூ.1,72,000 கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். அதற்குப் பொருந்தும் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கணினிக் கேபினெட்டையும் அங்கேயே வாங்கினேன். பக்கவாட்டுக் கண்ணாடியை மூடினால் பவர் கேபிள் மடங்கி அழுந்தியது. "ஒன்றும் ஆகாது" என்றார்கள். நான்காம் மாதத்தில் கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டர் உருகி, கார்டு செயலிழந்தது. வெளிச்சேதம் என்று கூறி வாரண்டியை மறுத்துவிட்டார்கள். கேட்கச் சென்ற என்னைக் கடையில் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தினார்கள். இப்போது கேபினெட்டுக்கு முழுப் பணமும் கார்டுக்குப் பாதி விலையும் தருவதாகச் சொல்கிறார்கள். வரி மிச்சமாகும் என்பதால் பில்லை மைத்துனரின் நிறுவன ஜிஎஸ்டி எண்ணில் போட்டிருந்தோம். வழக்குத் தொடுத்து முழுத் தொகையையும் இழப்பீட்டையும் பெற முடியுமா? - வாசகர், திருச்சி.

பதில்: உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது உருகிய கனெக்டர் அன்று, பில்லைப் பற்றி நீங்கள் இறுதியில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான். கடையில் நேர்ந்த அவமதிப்பு உங்களை வருத்தியிருக்கும் என்பதை உணர்கிறேன், ஆனால் மனுவில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பொருளைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. தேவையை எடுத்துச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. கார்டை நீங்களே மாடல் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு மெலிந்துவிடும் என்பதால், உங்கள் வாதம் கேபினெட்டின் மேல்தான் நிற்க வேண்டும். கேபினெட் பெட்டியில் பெரும்பாலும் கார்டின் அதிகபட்ச நீளம் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். கனெக்டருக்கும் கண்ணாடிக்கும் இடையே கேபிள் வளைவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அதைத் தேர்ந்து கொடுத்தவர்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. எதிர்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே ஜிஎஸ்டி எண் உள்ள பில்லை நீட்டுவார். வாங்கியவரின் சம்மதத்துடன் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று அதே பிரிவைக் காட்டி நீங்கள் பதில் சொல்லலாம். அந்தப் பதில் சட்டப்படி சரியானதும்கூட. ஆனால் அதை நிறுவ, கார்டு உங்கள் வீட்டில் கேம் விளையாடுவதற்கே பயன்பட்டது என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பில்லில் கார்டின் விலையில் அடங்கியுள்ள 18 சதவீத வரி ஏறத்தாழ ரூ.26,237. மைத்துனரின் நிறுவனம் இதை உள்ளீட்டு வரி வரவாக (கொள்முதலில் கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5) தெளிவாகக் கூறுவதால், உங்கள் வாக்குமூலமே அவருக்கு எதிரான சான்றாகிவிடும். மாறாக, நிறுவனத்துக்காகவே வாங்கினோம் என்று சொன்னால் புகாரே நிலைக்காது. அதோடு அது பொய்ச் சத்தியம், அதற்கு எந்த நிலையிலும் இடம் கொடுக்காதீர்கள்.

இதே சூழலில் சிக்கிய கட்சிக்காரர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். லேப்டாப் வழக்கு அது, பில் அவருடைய அண்ணனின் நிறுவனத்தின் பெயரில். கடைக்காரர் தந்த சமரசத்தை உதறிவிட்டு வந்தவர், நிறுவனத்தின் ஜிஎஸ்டி கணக்குகளை முன்வைக்குமாறு எதிர்தரப்பு கேட்டதும் அண்ணனுக்குச் சிக்கல் வருமே என்று அஞ்சி மனுவைத் திரும்பப் பெற்றார். கடைக்காரர் அந்தச் சமரசத்தை மறுபடி பேசவே இல்லை. குடும்பத்துக்குள் அந்த மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை.

ஆகவே கடைக்காரர் தருவதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. முதலில், மைத்துனர் தம் ஆடிட்டரைக் கொண்டு அந்த வரி வரவைத் திருப்பிச் செலுத்தட்டும். வட்டி சேருமானால் அதையும் சேர்த்துச் செலுத்தட்டும். கடைக்காரர் தரும் தொகை, பில் உள்ள நிறுவனத்தின் பெயரில் கிரெடிட் நோட்டாகவும் (பில் தொகையைக் குறைத்துக் கடை தரும் ஆவணம்) வங்கி வழியாகவும் வரட்டும். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற கடிதத்தில் பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள். அதுவரை கார்டை யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்: பிரித்த கார்டை ஆய்வகத்துக்கு அனுப்பினாலும், உருகியது கேபிள் மடங்கியதால்தான் என்று நிறுவுவது கடினம். சீரியல் எண்ணும் உருகிய கனெக்டரும் தெரியும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 69 கூறும் இரண்டு ஆண்டுக் காலவரம்பு உங்களுக்காகக் காத்திருக்காது. கடைக்காரர் பின்வாங்கினால், வரி வரவைச் சரிசெய்த சான்றுடன் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுங்கள்; இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை.