ஐஜிஎம் பாசிட்டிவ் என்றதும் பதறாதீர்கள்

கம்பத்துத் தங்கச்சிக்கு, கர்ப்பத்தின் பத்தாவது வாரத்தில் கோட்டயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்சோபிளாஸ்மா (வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணிக் கிருமி) ஐஜிஜி, ஐஜிஎம் (அந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள்) இரண்டுமே பாசிட்டிவ் என்றும், கலைத்துவிடச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். யார் சொன்னது, டாக்டரா, பக்கத்து வீட்டிலா? இந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்கவே கூடாது.

ஐஜிஎம் என்றால் புதுத் தொற்று என்பது பாதி உண்மைதான். சிலருக்கு அது ஒரு வருடத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கும். தவறாகவே பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அதனால் 'ஐஜிஜி அவிடிட்டி' (ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது) பரிசோதனை கேளுங்கள். அது அதிகமாக இருந்தால், தொற்று வந்து குறைந்தது மூன்று நான்கு மாதமாவது ஆகியிருக்கும். அதாவது கரு தரிப்பதற்கு முன்பே. குறைவாக இருந்தாலும் புதுத் தொற்று என்று உறுதியாகாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பார்த்து, அளவு ஏறுகிறதா என்று ஒப்பிடுவார்கள். சந்தேகம் நீடித்தால், தொற்று குழந்தைக்குப் போகாமலிருக்க ஸ்பைராமைசின் மாத்திரை தருவதுண்டு. அதை டாக்டர் எழுதட்டும்.

என் நாத்தனாருக்கும் இதே கதைதான், குமுளியில். இந்தக் கிருமி பூனை மலம் வழியாகப் பரவும் என்பதால், பாவம், பூனையைத்தான் முதலில் விரட்டினார்கள். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, ஏலத்தோட்டத்து மண் ஒட்டிய கை வழியாகவும் வரும்.