ஸ்டேஷனைப் புதுப்பிக்கிறார்கள், மனுவில் என்ன கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் ரயில் நிலையத்தை அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கிறார்கள். அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அம்மாவுக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. பயணிகள் சங்கம் சார்பில் கோட்ட அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகிறோம். லிஃப்ட், சாய்தளம், மஞ்சள் டைல்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறோம். வேறு என்ன கேட்கலாம்?

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கான்கிரீட் இறுகிவிட்டால் ஒரு படியை இடிக்கக்கூட வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் பட்டியலில் ஒரு குறை இருக்கிறது. அதில் உள்ளவை எல்லாம் பொருட்கள். லிஃப்ட் கேட்டால் லிஃப்ட் வந்துவிடும், ஆனால் லிஃப்டுக்குப் போகும் வழியில் இரண்டு படி இருக்கும். சாய்தளம் வந்துவிடும், அதன் வாயிலில் பைக்குகள் நிற்கும். நான் அளவெடுக்கப் போன இடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் மனுவின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: ஆட்டோவிலிருந்து இறங்கும் இடம் முதல் ரயில் பெட்டியின் கதவு வரை, நடுவில் ஒரு படிகூட இல்லாத பாதை வேண்டும். மற்றதெல்லாம் அந்தப் பாதையில் எங்கே வருகிறது என்று பார்த்துக் கேளுங்கள்.

பாதையில் சிரமமான இடங்கள் இரண்டு. முதலாவது, அடுத்த நடைமேடைக்குப் போவது. மின்மயமான பாதையில் நடைமேம்பாலம் மின்கம்பிக்கும் மேலே போக வேண்டும். நடைமேடையிலிருந்து பார்த்தால் சுமார் 6 மீட்டர் ஏற வேண்டும். சாய்தளம் 1:12 என்ற சரிவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் என்றால், 6 மீட்டருக்கு 72 மீட்டர். 9 மீட்டருக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேண்டும், அதையும் சேர்த்தால் 80 மீட்டரைத் தாண்டிவிடும். அப்பாவைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் ஏற உங்களால் முடியாது. ஆகவே இங்கே லிஃப்ட்தான் சரி. எஸ்கலேட்டர் அவருக்கு எந்த வகையிலும் உதவாது, அதை லிஃப்டுக்கு மாற்றாகச் சொன்னால் ஏற்காதீர்கள். லிஃப்ட் கதவு 900 மில்லிமீட்டர் அகலம், உள்ளே தமிழில் குரல் அறிவிப்பு, மின்சாரம் போனாலும் ஓடுவதற்கு ஏற்பாடு, பழுதானால் யார் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி, இந்த நான்கையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். சுரங்கப்பாதை என்றால் மனித உயரம் போதும், ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கட்டும் ஊராக இருந்தால் அது வேண்டாம்.

பாலத்தைப் பற்றி இன்னொன்று. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் பாலத்தின் படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். படிக்கட்டு குறுகல், வெளியே கனமழை, மழைக்கு ஒதுங்கியவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், பின்னால் ரயில்களிலிருந்து கூட்டம் வந்துகொண்டே இருந்தது. உங்கள் ஊரில் அவ்வளவு கூட்டம் வராது என்று விட்டுவிடாதீர்கள். தைப்பூசம், தீபாவளி நாட்களை நினைத்துப் பாருங்கள். நடைமேடையில் முழு நீளத்துக்குக் கூரை இருந்தால் யாரும் படியில் ஒதுங்க மாட்டார்கள். படிக்கட்டு இறங்கும் இடத்தில் கடை வைக்க அனுமதிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது இடம் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையில் இருப்பது. நம் நாட்டில் உயர நடைமேடை என்பது தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். இப்போது பல விரைவு ரயில்களில் ஓடும் எல்ஹெச்பி வகைப் பெட்டியின் தளம் ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஆக, புத்தம் புது நடைமேடையிலும் ஒன்றரை அடி பாக்கி. மெட்ரோவில் நேராக உருட்டிக்கொண்டு ஏற முடிகிறதே, இங்கே ஏன் முடியவில்லை என்றால் காரணம் இதுதான். ஜல்லி நிரப்பிப் பராமரிக்கும்போது தண்டவாளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வதும் உண்டு, அப்போது இடைவெளி இன்னும் கூடும். மும்பை புறநகர்ப் பாதைகளில் ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் ஆட்கள் விழுந்த விபத்துகளுக்குப் பிறகு, நடைமேடைகளை 900 மில்லிமீட்டருக்கு உயர்த்தினார்கள். உங்கள் ஊரில் 840 மில்லிமீட்டராவது எல்லா நடைமேடைகளிலும் வர வேண்டும். மீதிக்கு மடக்கி எடுத்துச் செல்லும் சாய்தளப் பலகை ஒன்றும், அதைப் போடப் பழகிய ஊழியர்களும் வேண்டும். அந்த ஒன்றரை அடிக்கு 1:12 சரிவு என்றால் ஐந்தரை மீட்டர் பலகை தேவை. அது நடைமுறைக்கு ஒத்துவராது. சரிவு செங்குத்தாகத்தான் இருக்கும் என்பதால், தள்ள இரண்டு பேர் கட்டாயம் தேவை. இதை மறைக்காமல் மனுவில் எழுதுங்கள்.

பலரும் மறந்துவிடும் ஒன்று: மாற்றுத்திறனாளிகள் பெட்டி பெரும்பாலும் வண்டியின் முனையில்தான் இருக்கும். 24 பெட்டி வண்டியின் நீளம் அரை கிலோமீட்டருக்கு மேல். லிஃப்ட் நடுவில் இருந்தால் அப்பாவை 250 மீட்டருக்கும் மேல் தள்ள வேண்டும், அதுவும் வண்டி நிற்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்தப் பெட்டி நிற்கும் இடத்தில் கூரை, இருக்கை, பெட்டி எண் காட்டும் பலகை மூன்றும் வேண்டும். கடைசி நிமிடத்தில் நடைமேடையை மாற்றி அறிவிப்பது உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை வண்டியைத் தவறவிடுவதுதான். இதற்குக் கட்டுமானத்தில் தீர்வு கிடையாது, நிலைய மேலாளரிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

அப்புறம் அம்மா. மஞ்சள் டைல்ஸில் இரண்டு வகை உண்டு. நீளக் கோடு போட்டது "இந்தப் பக்கம் நடக்கலாம்" என்று சொல்லும், புள்ளி போட்டது "நில்" என்று சொல்லும். ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே கண்டுபிடித்த இந்த டைல்ஸ் 1967-ல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. நம் ஊரில் இந்த இரண்டையும் அலங்காரம் போலக் கலந்து பதித்துவிடுகிறார்கள், சில இடங்களில் கோடு நேராகத் தூணில் போய் முட்டுகிறது. ஜப்பானிய நடைமேடைகளில் விளிம்பை ஒட்டிய புள்ளி டைல்ஸின் உட்பக்கம் கூடுதலாக ஒரு கோடு இருக்கும். புள்ளியை மிதித்து நிற்கிறவருக்குத் தண்டவாளம் எந்தப் பக்கம், நடைமேடை எந்தப் பக்கம் என்று அது காலிலேயே சொல்லிவிடும். செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் அம்மாவுக்கு ஓரளவு பார்வை இருப்பதால், மேடுகளைவிட நிற வேறுபாடுதான் அதிகம் உதவும். வெளிர் தரையில் மஞ்சள் தெரியாது, பக்கத்தில் கருமையான பட்டை வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறப் பட்டை வேண்டும். பாலிஷ் கிரானைட் கண்ணைக் கூசும், மழையில் வழுக்கவும் செய்யும். சொரசொரப்பான கல் போடச் சொல்லுங்கள்.

கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். சாவி எப்போதும் யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள், பூட்டிய அறைகளே அதிகம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 41-வது பிரிவு ரயில் நிலையங்களையும் குறிப்பிடுகிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரயில்வே மத்திய அரசின் கீழ் வருவதால், மனுவின் நகலை டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நிலைய வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கையில் வந்ததும் சிவப்புப் பேனாவால் ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து பெட்டிக் கதவு வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பேனா எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தின் படத்தை மனுவோடு இணைத்து, அளவையும் எழுதிக் கொடுங்கள்.