ஊரில் ஒரு சமாதான நூதனசாலை: கேள்வி பதில்

மட்டக்களப்பில் சம்பளம் வாங்காத சில பேர் சேர்ந்து ஒரு சின்ன சமாதான நூதனசாலையை நடத்தி வருகிறோம். தங்கள் ஊரிலும் ஒன்று தொடங்க நினைப்பவர்களின் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

ஏறாவூர்த் தம்பி ஒருவர்: நூதனசாலை என்றால் அரசாங்கம்தானே நடத்த வேண்டும்? தொண்டர்களால் முடியுமா ஐயா?

முடியும் தம்பி. பெர்லினில் ஏர்ன்ஸ்ட் பிரீட்ரிக் என்ற தனிமனிதர் 1925இல் போர் எதிர்ப்பு நூதனசாலை ஒன்றைத் தொடங்கினார். 1933இல் நாசிகள் அதை அழித்தார்கள். 1982இல் அவருடைய பேரன் திரும்பத் திறந்தார். இன்றும் தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். கட்டடத்தைவிட, கதவைத் திறக்க முறை வைத்து வரும் நாலு பேரை முதலில் தேடுங்கள்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: காட்சிக்கு என்ன வைப்பது? பழைய துவக்கு, செல் துண்டு தருகிறோம் என்கிறார்கள்.

செல் துண்டு என்று தருவது வெடிக்காத செல்லாக இருக்கலாம் ரீச்சர். தொடாமல் பொலிசுக்குச் சொல்லச் சொல்லுங்கள். துவக்கு எங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதை வைத்தால் பெடியன்கள் அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும். ஆயுதத்தைக் காட்டினால் ஆயுதம்தான் நினைவில் நிற்கும்.

அடிக்காமல் எதிர்த்தவர்களைக் காட்டுங்கள். 1961 பெப்ரவரியில் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, யாழ்ப்பாணக் கச்சேரியைப் (மாவட்ட அரசாங்க அலுவலகம்) போலவே மட்டக்களப்பில் கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் முன்னாலும் சனங்கள் அமர்ந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். அன்று வாசலில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும். அவர்களின் குரலைப் போனிலாவது பதிவு செய்யுங்கள். மற்ற வேலை எதுவானாலும் பிறகு பார்க்கலாம்.

வாழைச்சேனையில் இருந்து: அன்னை பூபதிக்கு இடம் உண்டா?

உண்டு. 1988 மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை மாமாங்கத்தில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். போரை நிறுத்த வேண்டும், பேச வேண்டும் என்று இந்தியப் படையிடமும் புலிகளிடமும் கேட்டது அவர் சேர்ந்திருந்த மட்டக்களப்பு அன்னையர் முன்னணி. அந்தக் கோரிக்கைகளை முன்னால் வையுங்கள். அவருக்கு உரிமை கொண்டாடிய கட்சிகளின் கொடிகள் வெளியே இருக்கட்டும்.

காத்தான்குடி நானா ஒருவர்: எங்கள் துயரத்துக்கு உங்கள் சுவரில் எவ்வளவு இடம்?

நானா, நியாயமான கேள்வி. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள், குழந்தைகள் உட்பட, இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் இடையில் ஆறு வாரம்கூட இல்லை. இரண்டையும் திகதி வரிசையில், ஒரே அளவு எழுத்தில் வைக்கிறோம். ‘அதற்குப் பதிலாகத்தான் இது’ என்ற வாசகம் எங்கள் சுவரில் எங்கும் வராது.

ஒரு விதி வைத்திருக்கிறோம்: காத்தான்குடி பற்றிய பலகையைக் காத்தான்குடியார் எழுதுவார்கள், தொங்கவிடுமுன் சத்துருக்கொண்டானார் வாசிப்பார்கள். மற்றதற்கும் அப்படியே. சண்டை வரும், ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் இழுபடும். என்னைக் கேட்டால் நூதனசாலையின் உண்மையான வேலை அந்த இழுபறிதான். பள்ளிவாசல் சுவரில் சன்னத் துளைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் படம் பிடித்து மாட்டுவதைவிட, வருபவர்களை அங்கேயே கூட்டிப்போவது நல்லது.

காணாமல்போன மகனின் படத்தைத் தர விரும்பும் ஒரு தாய்: தந்தால் திரும்பக் கிடைக்குமா தம்பி?

அம்மா, மூலப்படத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், எங்களுக்கும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் கண்முன்னால் ஸ்கான் எடுத்துத் தருவோம். பெயர் போடலாமா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். நாளைக்கு மனம் மாறினால் ஒரு வார்த்தை போதும், இறக்கிவிடுவோம். காரணம் கேட்க மாட்டோம்.

அக்கரைப்பற்றில் இருந்து: பழைய கடிதம், சேலை எல்லாம் பூச்சி அரிக்கிறது. வேப்பிலை போதுமா?

வேப்பிலை விரட்டும், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, சாதாரண டீப் பிரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஈரம் படியும். படங்களையும் கண்ணாடிச் சாமான்களையும் இப்படி வைக்க வேண்டாம். இலக்கம் போடுவதானால் பென்சிலால், பின்பக்கத்தில். எல்லாம் நிலத்திலிருந்து முழங்கால் உயரமாவது மேலே இருக்கட்டும். மாரி வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வயலில் பழைய நாணயம் கிடைத்தது, வைக்கலாமா?

1815 மார்ச் 2க்கு முந்தியது என்றால் அது தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். முதலில் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

நுழைவுக் கட்டணம்?

வேண்டாம். வாசலில் உண்டியல் வையுங்கள்.

அம்பாறையில் இருந்து ஒரு தங்கச்சி: சிங்களத்திலும் எழுத வேண்டுமா?

கட்டாயம். ஆனால் போனில் மொழிபெயர்த்து ஒட்டிவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் தமிழும் சிங்களமும் கதைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படி ஒருவர் எழுதி, தமிழ் தெரியாத ஒரு சிங்களவர் வாசித்துப் பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள். முதல் பலகைகளைத் துணியில் அடிக்காமல் சாதாரணத் தாளில் அடியுங்கள், எப்படியும் மாற்ற வேண்டி வரும்.